காதுக்குள் ரவை சலிக்கிறவன்

கார்த்திகை 20, சனி

பனி. ஏரிக்கரை மரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. விடியலில் குளித்துக் கறுப்பு வேட்டி கட்டும்போது கை விறைப்பு.

இன்று முதல் இதில் பேச வேண்டும். போன மாதம் காது டாக்டர் சொன்னது: சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, எல்லாம் எழுதி வையுங்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது என்று அந்த ஏ.சி. அறையில் சொல்ல வாய் வரவில்லை. பூனாவில் இருக்கும் மகள் செல்வி வழி சொன்னாள். போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். வேறு படத்தை அமுக்கினால் படித்தும் காட்டுமாம்.

ஒரு சிரமம். வீட்டில் பேசுகிற தென்காசிப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசினால் சமர்த்தாக எழுதுகிறது. அதனால் மொட்டை மாடியில் தனியாக நின்று செய்தி வாசிக்கிறேன். மற்றவர் பேசியதை மட்டும் அவர்கள் பேசின மாதிரியே சொல்லப்போகிறேன். அதை எழுதுவது போன் பாடு.

சத்தம் பற்றி. வலது காது. நிற்பதே இல்லை. கல்கத்தா லேக் மார்க்கெட் பலசரக்குக் கடையில் நாற்பத்தெட்டு வருஷம் நிறுவைக்கு நின்றவன் நான், எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியும். ரவை சலிக்கிற சத்தம். சர்க், சர்க், சர்க். யாரோ காதுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சலிக்கிறான். ரவை தீர்வதும் இல்லை, அவனுக்குக் கை வலிப்பதும் இல்லை.

தொடங்கிய நாள் மகாளய அமாவாசை. விடியலில் தெருவில் எல்லா வங்காளி வீட்டிலும் ரேடியோவில் தேவி பாட்டு. பாட்டு முடிந்தது, எல்லா ரேடியோவும் ஓய்ந்தது. ஒன்று ஓயவில்லை. மேல்வீட்டு மித்திர தாதாவின் தண்ணீர் மோட்டார் என்று நினைத்தேன். தாதா என்றால் இங்கே அண்ணன். மூன்று நாள் சண்டை. பாவம், அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டாரையே கழற்றிக் கீழே வைத்துவிட்டார். கழற்றின மோட்டார் முன்னால் நான் நிற்கிறேன், காதில் சர்க், சர்க். அன்றைக்கு மனிதர் என்னைப் பார்த்த பார்வை.

காது: காலையில் பெரிது. மாடி ஏறினால் இன்னும் பெரிது.

கார்த்திகை 21, ஞாயிறு

பனி குறைவு. பருப்பு சாதம், அப்பளம்.

நேற்றைய பஜனை. சொல்ல வெட்கம். சொல்கிறேன்.

தெருக்கோடிக் கூடத்தில் ஐயப்பன் படம் வைத்து மண்டலம் முழுதும் சனிக்கிழமை பஜனை. மலைக்குப் போகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. மாலை மட்டும் வருஷம் தவறாமல் போடுவேன், மண்டல பூஜையன்று கழற்றுவேன். முப்பத்தொரு வருஷமாக ஜால்ரா என் கையில். மற்றவர்களுக்குப் புத்தகம் வேண்டும். எனக்கு எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்த அடியில் வேகம் மாறும், எல்லாம் மனசில்.

நேற்று நாலாவது பாட்டில் நடந்தது இது. காதில் ரவை சலிப்பு ஒரு வேகம். பாட்டு வேறு வேகம். கை எதைக் கேட்கும்? பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுவிட்டது. ஜால்ரா காதோடு ஓடியது. அது ஓட, பாட்டு ஓட, எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள, நெஞ்சு அடிக்க அடிக்கக் காதும் வேகம். மெதுவான பாட்டு. பாதியில் மூச்சு வாங்கி எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

கஞ்சிரா வாசிக்கிற கணேசன் சாமி, "சுடலை சாமி, ஹௌரால ரயில் எத்தனை மணிக்கு?" என்றார். மாலை போட்ட காலத்தில் எல்லாரும் சாமி. கேலி செய்கிறவரும் சாமிதான். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரி. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிரிப்பைவிட மோசம்.

குருசாமி ஓய்வு பெற்ற பாங்கு மேனேஜர், நல்ல மனிதர். பஜனை முடிந்து தோளில் கை போட்டார்.

"காதுல ஏதோ சத்தம் சாமி, அதான்."

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே சாமி. கோவிச்சுக்காதீங்க. இனிமே ஜால்ராவைக் கணேசன் சாமி வச்சுக்கட்டும். நீங்க சும்மா உக்காந்து பாடுங்க. மண்டல பூஜைக்கு ஊரே வரும், பாத்துக்குங்க."

சும்மா. அந்த ஒரு சொல் வீடுவரை கூடவே வந்தது.

மண்டல பூஜை மார்கழி 12. இன்னும் இருபது நாள். அதற்குள் காதில் இருக்கிறவன் யார் என்று தெரிய வேண்டும். ஜால்ரா என் கைக்குத் திரும்ப வேண்டும். வேறு ஆசை இந்த மண்டலத்தில் இல்லை.

கார்த்திகை 23, செவ்வாய்

குளிர் திடீரென்று. வங்காளிகள் எல்லாரும் குல்லாவுக்குள் போய்விட்டார்கள்.

என் காதுக்குக் காரணம், இதுவரை சேர்ந்தவை:

மித்திர தாதா: டாண்டா. அதாவது குளிர் பட்டுவிட்டது.
மித்திர தாதாவின் மனைவி: கேஸ். வயிற்று வாயு காதுக்கு ஏறிவிட்டது.
தெரு ஹோமியோபதி: பழைய ஜுரம் உள்ளேயே நின்றுவிட்டது. நாலு சர்க்கரை உருண்டை, காலை மாலை.
செல்வி: பி.பி. பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது.
குருசாமி: வயசு.
காது டாக்டர்: வயசு.
இசக்கி: வேலை இல்லாத காது.

மோட்டார் சண்டையை மனசில் வைக்காமல் மித்திர தாதா கறுப்புக் குரங்குக் குல்லா ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குல்லா. மாலைக்காகக் கறுப்பு நிறமாகப் பார்த்து வாங்கினாராம். அந்த மனசுக்காக உடனே போட்டுக்கொண்டேன்.

ஐயோ. காதை மூடினதும் வெளியில் இருக்கிற டிராம், காக்கா, பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் போயிற்று. இருந்தது ரவை மட்டும். ஒரு சல்லடை பத்துச் சல்லடை ஆயிற்று. தாதா எதிரில் நின்று, "பாலோ? பாலோ?" என்று கேட்கிறார், நன்றாக இருக்கிறதா என்று. நல்லா இருக்கு தாதா, ரொம்ப நல்லா இருக்கு. அவர் மாடி ஏறும்வரை போட்டிருந்தேன்.

காது: குல்லாவோடு பயங்கரம். குல்லா இல்லாமல் வழக்கம்போல்.

கார்த்திகை 25, வியாழன்

வெயில். வடாம் காயப்போட்டாள் இசக்கி.

வடாம் துணியை விரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து வந்து, "குனியுங்க" என்றாள். என் காதில் தன் காதை ஒட்டிவைத்தாள். ரொம்ப நேரம். மாவுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"ஒண்ணும் கேக்கலியே."

"எனக்குக் கேக்குதே."

"ஏங்க, உங்க காதுல ஒண்ணும் இல்ல. கடையை விட்டு நின்ன நாள்ல இருந்து காதுக்கு வேலை இல்லாமப் போச்சு. அதான் தானாச் சலிக்குது. நீங்க நெனைக்கிய, அது கேக்குது."

கோபம் வந்தது. விரதம், அடக்கிக்கொண்டேன். கடையில் நானூறு வீட்டுச் சாமான் லிஸ்டு மனசில் வைத்திருந்தவனுக்கு, இல்லாத சத்தமும் இருக்கிற சத்தமும் தெரியாதா? இதை அவளிடம் சொல்லவில்லை. போனிடம் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. சாயங்காலம் காப்பி வைக்கும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "செல்விகிட்டச் சொல்லிப் பாலிகஞ்சுல ஒரு லேடி டாக்டர் பேரு வாங்கியிருக்கேன். திங்கக்கெழமைக்கு எழுதியாச்சு. நானும் வாரேன்."

வடாம் இரண்டைக் காக்கா தூக்கிவிட்டது.

கார்த்திகை 27, சனி

பஜனை. ஜால்ரா இல்லாமல்.

கணேசன் சாமி போனில் டிக் டிக் என்று தாளம் சொல்லும் ஏதோ ஒன்றைத் திறந்து காதில் ஒயர் மாட்டி, அதைக் கேட்டு ஜால்ரா தட்டுகிறார். தப்பே இல்லை. ஒரு தப்பும் இல்லை. பாட்டு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நின்றது. இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான்.

பாதியில் புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒரு பாட்டையே தாண்டிப் போனார்கள். நான் பின்னாலிருந்து முதல் அடியை எடுத்துப் பாடினேன். குருசாமி திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். கொஞ்சம் சுகம்.

காது: தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். இன்றும் காதோடுதான் ஓடுகிறது.

கார்த்திகை 29, திங்கள்

நல்ல நாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, வரிசையாகச் சொல்கிறேன்.

லிஃப்ட் பழுது. மூன்று மாடி ஏறிப் போய் உட்கார்ந்தபோது காதில் ஒரு மூட்டை ரவை. டாக்டர் அம்மா சின்ன உருவம், நரைத்த முடி, பெரிய பொட்டு. வங்காளத்தில்தான் பேச்சு. எனக்கும் இசக்கிக்கும் அது பழக்கம்.

முதல் டாக்டர் காதுக்குள் விளக்கடித்தார், கருவி மாட்டி பீப் சத்தம் கேட்கிறதா என்றார், முடிந்தது. இந்த அம்மா முதலில் என் மணிக்கட்டைப் பிடித்தார். "காதில் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள்." கண்ணை மூடித் தட்டினேன். இருபது தட்டு இருக்கும். நாடியும் தட்டும் ஒன்று. ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் முகம் மாறியது.

எப்போதிலிருந்து என்றார். எழுதி வைத்திருக்கிறீர்களா என்றார். இங்கேதான் வாய் வந்தது. எழுதத் தெரியாதம்மா, மனசில் இருக்கிறது என்றேன். மகாளயத்தில் தொடக்கம். துர்கா பூஜை அஷ்டமியன்று பந்தலில் தாக் மேளத்தில் கேட்கவில்லை, மேளம் நின்றதும் கேட்டது. லட்சுமி பூஜையன்று ஜலதோஷம், இரண்டு மடங்கு. தீபாவளிக்கு மறுநாள் குனிந்து செருப்பு எடுத்தபோது பெரிது. கார்த்திகை பிறந்து மாலை போட்ட அன்று கொஞ்சம் சின்னது. சொல்லிக்கொண்டே போனேன். "ஆஸ்தே, ஆஸ்தே" என்று பேனாவைத் தூக்கிக் காட்டினார். மெதுவாகச் சொல்லச் சொன்னார். அவர் கையால் என்னைப் பிடிக்க முடியவில்லை.

பிறகு மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, என் வலது காதுக்குப் பின்னால் வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஷுன்தே பாச்சி" என்றார். கேட்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். வெட்கம் தடுக்காவிட்டால் மூன்றாவது தடவையும் கேட்டிருப்பேன். எழுபத்தாறு வயதில் என் காதுக்குள் இன்னொருவர் எட்டிப் பார்த்து, ஆமாம், ஆள் இருக்கிறான் என்கிறார்.

நான் இசக்கியைக் காட்டினேன். டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் மாட்டிவிட்டார். இசக்கி முதலில் தலையாட்டினாள், இல்லை என்று. பிறகு அசையவே இல்லை.

"ஏ யம்மா. சலிக்குதுல்லா."

திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். டாக்டர் அம்மா கை நீட்டிக்கொண்டே இருக்கிறார். "இருங்க தாயி, இன்னும் கொஞ்சம்" என்று தமிழிலேயே அவரிடம் சொல்கிறாள்.

அப்புறம் இன்னொரு வித்தை. டாக்டர் அம்மா ஒரு விரலால் என் கழுத்தின் வலது பக்கம் மெல்லத் தொட்டு அமுக்கினார். நின்றது. மூன்று மாதத்தில் முதல் தடவை. டிராம் மணி கேட்டது. கீழே எவனோ கமலா ஆரஞ்சு விற்பது கேட்டது. விரலை எடுத்தார், ரவை வந்தது. தலையை முழுக்க வலது பக்கம் திருப்பச் சொன்னார். நின்றது. இடது பக்கம் திருப்பினால் இரண்டு மடங்கு. "நீங்களாகக் கழுத்தை அமுக்கக் கூடாது, அங்கே பெரிய நாளம் இருக்கிறது. திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்" என்றார்.

அநேகமாக ரத்தம் திரும்பிப் போகிற குழாயின் சத்தமாம். ஆனால் இரண்டு குழாய்கள் தப்பாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் இப்படிக் கேட்குமாம். அப்படி இருந்தால் விட்டுவைக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். உடனே ஆஸ்பத்திரி என்றால் மண்டல பூஜை போயிற்று.

அதெல்லாம் நாளைக் கவலை. இறங்கும்போது இசக்கி படியில் நின்றுவிட்டாள். "உங்களப் பொய் சொல்லுதியன்னு நெனச்சுட்டேனே சாமி, மன்னிச்சிருங்க." மாலை போட்டிருக்கிறேன் என்று சாமி என்கிறாளா, கேலியா? கண்ணில் தண்ணீர். கேலி இல்லை. தெருவில் இளநீர் வெட்டச் சொல்லிக் குடித்தோம். வெளிச் சாப்பாடு கூடாது, இளநீர் கூடும்.

வியாதி இருக்கிறது என்று சொல்லி அனுப்பின டாக்டர் வீட்டிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக யாராவது வந்திருப்பார்களா?

மார்கழி 2, புதன்

ஸ்கேன் எடுக்கப் போனேன். எடுக்காமல் வந்தேன்.

மோதிரம், பெல்ட், சாவி எல்லாம் கழற்று என்றார்கள். சரி. கழுத்து மாலையும் என்றார்கள். வெள்ளிக் கம்பியில் கோத்த துளசி மணி, ஐயப்பன் டாலர். உள்ளே பெரிய காந்தம், உலோகம் ஆகாது. மண்டலம் முடியாமல் கழற்ற மாட்டேன் என்றேன். ஸ்கேன் எடுக்கிற தங்கை நல்ல பெண். "அஞ்சு நிமிஷம் கழற்றி மறுபடி போட்டுக்கொள்ளுங்கள் தாது" என்று கெஞ்சினாள். தாது என்றால் தாத்தா. கழற்றின மாலை கழற்றினதுதான், அதை எப்படி அவளுக்குச் சொல்வது?

இசக்கி வீட்டுக்கு வந்ததும் நேராகக் குருசாமி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்கழி 3, வியாழன்

பனி. குருசாமி காலையில் எங்கள் வீட்டில். தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கெட்டி நூலில் புது துளசி மணி கோக்கிறார். ஐம்பத்து நாலு மணி. டாலர் கிடையாது, கம்பி கிடையாது.

"என்கிட்ட அன்னிக்கே முழுசாச் சொல்லியிருக்கலாமே சாமி. வயசுன்னு சொல்லிட்டேனே."

"சொன்னேனே சாமி."

"சொன்னீங்க. நான் காது கொடுக்கல."

சரணம் சொல்லிப் புது மாலை முதலில் கழுத்தில் ஏறியது. அதன் பிறகுதான் பழையது இறங்கியது. ஒரு நொடிகூடக் கழுத்து சும்மா இல்லை. பழைய மாலை ஐயப்பன் படத்தில் சாத்தியாயிற்று. இசக்கி குருசாமிக்கு மூன்றாவது தோசை வைத்தாள். மூன்றாவது தோசை அவள் எல்லாருக்கும் வைக்க மாட்டாள்.

மார்கழி 4, வெள்ளி

ஸ்கேன் ஆயிற்று. முதலில் வளையம் மாதிரி ஒன்று, இரண்டு நிமிஷம். பிறகு குகை மாதிரி ஒன்று, நாற்பது நிமிஷம். மாலையைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தத் தங்கை கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

குகைக்குள் என்ன சத்தம். டடடட டட். டூம் டூம் டூம். பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பயமா? மூன்று மாதத்தில் என் ரவைக்காரனை வாயடைத்த முதல் சத்தம். அதிலும் ஒரு இடத்தில் சுத்தமான தாளம், நாலு நாலாக. விரல் தானாகத் தொடையில் போயிற்று. உடனே காதில் குரல்: "தாது, நோட்பேன் நா." அசையாதே என்கிறாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை கெஞ்சினாள். கையைக் கட்டிக்கொண்டேன்.

மார்கழி 6, ஞாயிறு

ஸ்கேன் தாள் புதன்கிழமை. இடையில் ஒரு வேலை.

வெள்ளி சாயங்காலம் முதல் வீட்டில் பழக்கம். தலையை வலது தோளுக்கு மேல் முழுக்கத் திருப்பி, ஜால்ராவுக்குப் பதில் இரண்டு எவர்சில்வர் மூடி. காது அமைதி. தாளம் நிற்கிறது. மூச்சுப் பிடித்து இசக்கி பாட, பத்துப் பாட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் ஓடவில்லை. கழுத்து மட்டும் மரக்கட்டை. தைலம்.

நேற்று பஜனை முடிந்து குருசாமியிடம் காட்டினேன். சந்தோஷம் அவருக்கு. பிறகு யோசித்தார்.

"சாமி, நீங்க உக்கார்ற எடத்துக்கு வலது பக்கம் யாரு உக்காருவா?"

"மாளிகைப்புறங்க." பெண்கள் பக்கத்தை அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"முன்வரிசையில?"

நான் வாய் திறப்பதற்குள் கணேசன் சாமி சொன்னார்: "சுடலை சாமி வீட்டம்மா."

குருசாமி நெற்றியைத் தேய்த்தார். "விரதத்துல இருக்கற சாமி ரெண்டரை மணி நேரம் பொண்டாட்டியையே பாத்துக்கிட்டுத் தாளம் போட்டா, ஐயப்பன் என்னையில்ல கேப்பான்?"

யோசனைகள். பெண்கள் இடது பக்கம் வரட்டும்: மாட்டோம் என்றார்கள், பாயச அடுப்புக் கதவு வலது பக்கம்தான். நடுவில் திரை கட்டலாம்: ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தலையை மட்டும் சாமி பக்கம் திருப்பலாம்: பாடுகிற எல்லாருக்கும் என் முதுகு. இசக்கி பின்வரிசைக்குப் போகட்டும்: இதைச் சொன்னவர் கணேசன் சாமி. இசக்கி அவரைப் பார்த்தாள். அவர் உடனே வாபஸ்.

கடைசியில் குருசாமியே தீர்ப்பு: "கண்ணை மூடிக்குங்க சாமி. தலை எந்தப் பக்கம் இருந்தா என்ன. ஆனா கண்ணை மூடிக்கிட்டுத் தாளம் வருமா?"

"புஸ்தவம் பாத்துப் பாடுறவங்களுக்குத்தான் சாமி கண்ணு வேணும்."

சிரித்துவிட்டார். ஆனால் ஜால்ரா இன்னும் கைக்கு வரவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு என்றார். நியாயம்.

மார்கழி 9, புதன்

பாலிகஞ்ச். லிஃப்ட் சரியாகிவிட்டது. நாங்கள் படியில்தான் ஏறினோம், சாமி பெயர் சொல்லிக்கொண்டு. இசக்கி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அப்படி அவள் பிடித்தது நாலு தடவை. நாலும் எனக்குத் தெரியும்.

டாக்டர் அம்மா படத்தை விளக்கில் மாட்டினார். ஒட்டிக்கொண்ட குழாய் இல்லை. அடைப்பு இல்லை. கட்டி இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் சட்டைப் பிடி தளர்ந்தது.

அப்படியானால் காதில் இருப்பவன் யார்? சொன்னார். மூளையிலிருந்து ரத்தம் இறங்குகிற பெரிய குழாய் காதுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறதாம். எல்லாருக்கும் அப்படித்தான். நடுவில் எலும்புச் சுவர். எனக்கு அந்தச் சுவர் ஒரு இடத்தில் பப்படம் மாதிரி மெலிந்துபோய், குழாய் அங்கே கொஞ்சம் புடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் நடப்பது இந்த வீட்டுக்குக் கேட்கிறது. "கல்கத்தா ஃபிளாட் மாதிரி" என்றார். தலையைத் திருப்பினால் குழாயில் ஓட்டம் குறைகிறது, சத்தம் நிற்கிறது.

சுவரைப் பூசுகிற ஆபரேஷன் உண்டாம். உங்கள் வயதில் நான் அவசரப்பட மாட்டேன், ஆபத்து இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். சத்தம் போகுமா? போகாமலும் இருக்கலாம்.

போகட்டும், இருக்கட்டும். ரவை சலிக்கிறவன் திருடன் இல்லை. என் சொந்த ரத்தம் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியில் போடுகிற சத்தம். எழுபத்தாறு வருஷமாகப் போய்வருகிறவன், இப்போதுதான் சுவர் மெலிந்து கேட்கிறது.

மித்திர தாதா வீட்டுக்குப் போய் மோட்டாருக்காக மன்னிப்புக் கேட்டேன். முதலில் புரியவில்லை அவருக்கு. புரிந்ததும், நோலென் குட் சந்தேஷ் ஒரு பெட்டி. பனிக்காலத்து ஈச்ச வெல்லம் போட்டது. வெளிப் பலகாரம் சாப்பிட மாட்டேன் என்று மறந்துவிட்டார். சனிக்கிழமைக்கு எடுத்துவைத்தாயிற்று.

சாயங்காலம் கணேசன் சாமி வீட்டு வாசலில். மஞ்சள் துணியில் சுற்றிய ஜால்ரா. "குருசாமி குடுத்துட்டு வரச் சொன்னார்" என்றார். கொஞ்சம் நின்று, "எனக்கும் அந்த டிக் டிக் கேட்டுக் கேட்டுத் தலைவலி சாமி" என்றார்.

மார்கழி 12, சனி

மண்டல பூஜை. பஜனை நாலு மணிக்கு. கூடம் நிறைந்து வாசல்வரை செருப்பு. மித்திர தாதா பின்னால் நாற்காலியில், குரங்குக் குல்லாவோடு.

என் இடத்தில் உட்கார்ந்தேன். தலையை வலது பக்கம் திருப்பினேன், கண்ணை மூடினேன். ரவை நின்றது. கையில் ஜால்ரா, அதன் சத்தம் மட்டும். முதல் தட்டில் உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது பாட்டில் பயம் போயிற்று. மெதுவான பாட்டு வந்தது, மெதுவாகவே போயிற்று. கணேசன் சாமி கஞ்சிராவில் வம்புக்கு இழுத்தார், நான் போகவில்லை. பிறகு வேகமான இடத்தில் நான் இழுத்தேன், அவர் வந்தார். இரண்டரை மணி நேரம். கழுத்து எரிந்தது, எரியட்டும்.

கண்ணை மூடியிருந்தால் என்ன, முன்வரிசையில் இருபது பேர் கைதட்டினாலும் இசக்கி கைதட்டு எது என்று எனக்குத் தெரிகிறது. அரைத் தாளம் பின்னால் வரும். முதல் நாளிலிருந்து அப்படித்தான். திருத்தவும் முடியாது, அவளிடம் சொல்லவும் முடியாது.

தீபாராதனை. குருசாமி சரணம் சொல்லி எல்லாருடைய மாலையையும் கழற்றினார். நூல் மாலை சுலபமாக வந்துவிட்டது. விரதம் முடிந்தது. பாயசம் கொதிக்கிற வாசனை, எல்லாரும் எழுந்திருக்கிற நேரம். பின்னாலிருந்து மித்திர தாதா குல்லாவைத் தூக்கிவிட்டு, "ஆர் ஏக்டா ஹோக்" என்றார். இன்னும் ஒன்று வேண்டுமாம்.

குருசாமி என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன். எல்லாரும் உட்கார்ந்தார்கள். தலையை வலது பக்கம் திருப்பினேன். கண்ணை மூடவில்லை.

நேர் எதிரில் இசக்கி. மஞ்சள் சேலை, நெற்றியில் திருநீறு, வியர்வை. பாட்டு தொடங்கியது. பக்கத்துப் பெண்கள் அவளை இடித்தார்கள்.

"இசக்கியக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவர் உங்களையே பாக்கறார்."

"பாக்கட்டும். மாலையக் கழட்டியாச்சுல்லா."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவள் தள்ளவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கைதட்டினாள், அரைத் தாளம் பின்னால். இரண்டு அடி பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஜால்ராவை அவள் கைக்காக நிறுத்தி நிறுத்தி எடுத்தேன்.

குருசாமி என் பக்கம் சாய்ந்தார். "சுடலையண்ணே, வேகம் குறையுது."

தெரியும் என்றேன்.